2 மணி 50 நிமிடக் கல்யாண கேசட்டை டிவிடியில் ஏற்ற: சிபிஆரா, விபிஆரா?

கேசட்பெட்டி

வணக்கம். அப்பா அம்மா கல்யாண வீடியோ விஎச்எஸ் கேசட்டில் இருக்கிறது. 1995-ல் எடுத்தது, ஓடும் நேரம் 2 மணி 50 நிமிடம். மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், பந்தி, சாயங்கால ரிசப்ஷன், மறுவீடு எல்லாம் ஒரே கேசட்டில் மிக்சிங் செய்து கொடுத்திருக்கிறார்கள். டேப்பில் பூஞ்சை பிடிக்கவில்லை. நல்ல நிலையில் ஒரு விசிஆர் கிடைத்தது, கன்வர்ட்டர் பெட்டி வழியாக ஃபயர்வயர் கேபிளில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன், ஏவிஐ ஃபைல் ஏறக்குறைய 37 ஜிபி.

இதை டிவிடியாக்கி அப்பத்தாவுக்கும் பெரியப்பா, அத்தை வீடுகளுக்கும் கொடுக்க வேண்டும். பென் டிரைவில் கொடுக்கலாமே, யூடியூபில் போடலாமே என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், அதெல்லாம் யோசித்துவிட்டேன். அப்பத்தாவுக்குத் தட்டைத் திறந்து டிஸ்க்கை வைத்து பிளே பட்டனை அழுத்தத் தெரியும், அவருக்கு அது பிடித்தும் இருக்கிறது. அவர் கையில் கொடுக்க வேண்டியது டிஸ்க்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என்கோடரில் (வீடியோவைச் சுருக்கி டிவிடி வடிவமாக்கும் மென்பொருள்) சிபிஆர், விபிஆர், அதிலும் ஒரு பாஸ், இரண்டு பாஸ் என்று கேட்கிறது. ஊரில் ஒரு ஸ்டுடியோவில் கேட்டேன், 'சிபிஆர் போடுங்க, அதுதான் எல்லாப் பிளேயரிலும் ஓடும்' என்றார்கள். படிக்கிற இடத்தில் எல்லாம் விபிஆர்தான் தரம் என்று எழுதியிருக்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது மேலோட்டமாகத் தெரியும்: சிபிஆரில் பிட்ரேட், அதாவது விநாடிக்குச் செலவாகும் பிட் அளவு, மாறாது, விபிஆரில் காட்சிக்குத் தகுந்தபடி மாறும். என் கேசட்டுக்கு எது, ஏன் என்பதுதான் தெரிய வேண்டும். சாதாரண 4.7 ஜிபி டிஸ்க், முடிந்தால் ஒரே டிஸ்க்.

---

மிக்சிங்டேபிள்

சிபிஆரா விபிஆரா என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுவிடுங்கள், பாதி பதில் அதிலேயே வந்துவிடும்.

4.7 ஜிபி என்பது 470 கோடி பைட் (விண்டோஸ் இதையே 4.37 என்று காட்டும், டிஸ்க் குறைவாக இருக்கிறதென்று நினைக்க வேண்டாம்). எட்டால் பெருக்கினால் 3,760 கோடி பிட். மெனுவுக்கு, ஆடியோவையும் வீடியோவையும் சேர்க்கும்போது ஆகும் சேதாரத்துக்கு, விளிம்பில் விட வேண்டிய கொஞ்சம் இடத்துக்கு என்று கழித்து 3,600 கோடி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 170 நிமிடம் 10,200 விநாடி. வகுத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 35 லட்சம் பிட், அதாவது 3,500 கேபிபிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஆயிரம் பிட் என்ற கணக்கு). ஆடியோவை ஏசி3 என்ற ஒலி வடிவத்தில் 192-ஆக வைத்தால் வீடியோவுக்குக் கிடைப்பது 3,300 சொச்சம்.

இதே வீடியோ ஒரு மணி நேரமாக இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. 3,600 விநாடிக்கு வகுத்தால் 10,000 வரும், டிவிடி வீடியோவுக்கு விதிப்படி உச்சவரம்பே 9,800தான். அப்போது 8,000-ல் சிபிஆர் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம், விபிஆரால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. இடம் போதாதபோதுதான் விபிஆருக்கு வேலை வருகிறது. உங்களுக்கு இடம் போதவில்லை, 3,300 என்பது இழுபறியான எண்.

கல்யாண வீடியோவில் இது எப்படி வெளிப்படும் என்று சொல்கிறேன், பல வருடம் இதே வகை வீடியோவை மிக்சிங் செய்தவன் நான். ரிசப்ஷனில் கேமரா ஸ்டாண்டில் நிற்கும். ஒரு குடும்பம் மேடை ஏறும், கவரைக் கொடுக்கும், கேமராவைப் பார்த்து நிற்கும், இறங்கும், அடுத்த குடும்பம் வரும். பின்னால் இருக்கும் ஜிகினா அலங்காரமும் நாற்காலியும் அசைவதே இல்லை. எம்பெக்-2 (டிவிடியில் வீடியோவைச் சுருக்கும் முறை) போன்ற கோடெக் முந்தைய ஃப்ரேமிலிருந்து எது மாறியிருக்கிறதோ அதை மட்டும் எழுதிப் பிழைப்பது, ஆகவே இந்த அரை மணி நேரம் அதற்கு மிக எளிது. இனி தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் கொட்டியதும் எல்லாப் பக்கமிருந்தும் அட்சதை பறக்கும். ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு திசையில் போவதால் 'இந்தக் கட்டம் அங்கே நகர்ந்திருக்கிறது' என்று கணக்குப் போட என்கோடருக்குப் பிடியே கிடைக்காது. அதே நேரத்தில் நாலைந்து ஸ்டில் கேமரா ஃப்ளாஷ் அடிக்கும். ஃப்ளாஷ் வெளிச்சம் பெரும்பாலும் ஒரே ஒரு ஃபீல்டில் (ஒரு ஃப்ரேமின் ஒன்றுவிட்ட வரிகள் சேர்ந்த பாதி) மட்டும் விழும், அந்த ஃப்ரேம் முன்னாலிருப்பதைப் போலவும் இருக்காது, பின்னால் வருவதைப் போலவும் இருக்காது, மொத்தத்தையும் புதிதாக எழுதியாக வேண்டும். இந்த இருபது முப்பது விநாடிக்கு 7,000, 8,000 கொடுத்தால்கூட அது சாப்பிட்டுவிடும்.

சிபிஆர் என்பது பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே கரண்டி என்று பரிமாறுவது, சாப்பிட முடியாத குழந்தையின் இலையில் வீணாகும், பசியோடு உட்கார்ந்தவருக்குப் போதாது. கவர் கொடுக்கும் காட்சிக்கும் 3,300, தாலி கட்டும் காட்சிக்கும் 3,300. போதாத இடத்தில் என்கோடர் என்ன செய்யும் என்றால் குவான்டைசரை ஏற்றும், அதாவது நுணுக்கங்களை இன்னும் கரடுமுரடாக ரவுண்ட் செய்துவிடும், படம் கட்டம் கட்டமாக உடையும். ஆக, சிபிஆரில் பிட்ரேட் மாறாது, தரம் மாறும். விபிஆரில் தரத்தை ஒரே மாதிரி வைக்கப் பார்க்கும், பிட்ரேட் மாறும். கல்யாண வீடியோவில் எல்லோரும் மறுபடி மறுபடி பார்க்கப் போவது தாலி கட்டும் நிமிடத்தைத்தான், சிபிஆர் மோசமாகக் கைவிடுவதும் அதே நிமிடத்தைத்தான். எனக்கு அது பொறுக்காது.

ஆனால் விபிஆர் போட்டால் இரண்டு பாஸ்தான். முதல் பாஸில் முழு வீடியோவையும் படித்து எங்கே எவ்வளவு கஷ்டம் என்று குறித்துக்கொள்ளும், இரண்டாவதில் அந்தக் குறிப்பை வைத்துப் பங்கு போடும். நேரம் இரட்டிப்பாகும், பரவாயில்லை, ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்கள். ஒரு பாஸ் விபிஆருக்கு முன்னால் என்ன வரப்போகிறதென்று தெரியாது. கான்ஸ்டன்ட் குவாலிட்டி என்று இன்னொன்று இருக்கும், தரம் நன்றாக இருக்கும், ஆனால் கடைசியில் ஃபைல் எவ்வளவு பெரிதாகும் என்பது முடியும் வரை தெரியாது, டிஸ்க்குக்கு அது உதவாது.

ஆவரேஜ் 3,300, மேக்சிமம் 8,000, இரண்டு பாஸ். மேக்சிமத்தை 9,800 வரை கொண்டுபோக வேண்டாம்.

---

சர்வீஸ்கடை

மிக்சிங்டேபிள் அண்ணன் சொன்ன கணக்கில் குறையில்லை. நான் பிளேயர் சர்வீஸ் செய்கிறவன், என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கடைக்கு வருகிறவர்கள் படம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று வந்ததில்லை. 'அண்ணே, நடுவுல நிக்குது' என்றுதான் வருவார்கள். வீட்டில் கிடக்கும் பிளேயர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. லென்ஸில் தூசி, லேசர் தளர்ந்திருக்கும், மோட்டாரும் பழசு. கம்பெனி அச்சடித்த டிஸ்க்கைவிட நாம் பர்ன் செய்யும் டிஸ்க்கில் ஒளி குறைவாகத்தான் திரும்பும், பழைய லேசருக்கு அதைப் படிப்பதே சிரமம். அந்த நேரத்தில் திடீரென்று பிட்ரேட் எகிறினால் பிளேயரால் அந்த வேகத்துக்குப் படித்துக் கொடுக்க முடியாது, படம் உறைந்துவிடும். தாலி கட்டும் இடத்தில் படம் கொஞ்சம் கலங்கினால் அப்பத்தா கண்டுகொள்ளமாட்டார்கள். அதே இடத்தில் நின்றுபோனால் அந்த டிஸ்க்கை மறுபடி போடவே மாட்டார்கள்.

விசிடி காலத்தை நினைத்துப் பாருங்கள். வீடியோ 1,150, ஆடியோ 224, ஆரம்பம் முதல் கடைசி வரை அதே வேகம். எந்த மட்டமான பிளேயரும் ஓட்டியது, பஸ்ஸில் ஓடியது, சந்தைக் கடையில் ஓடியது. அந்த நம்பிக்கையில்தான் நான் இன்னும் சிபிஆர் பக்கம். ஒரே டிஸ்க்கில் அடைக்காமல் இரண்டாகப் பிரித்து, 6,000 பக்கம் சிபிஆர் போட்டுக் கொடுங்கள் தம்பி. நின்றுபோகாது.

---

ரெண்டுபாஸ்

சர்வீஸ்கடை சொல்வதில் ஒன்று உண்மை: படம் நிற்பதுதான் பெரிய குற்றம். ஆனால் அதற்கு விபிஆர் காரணமில்லை, அதை விட்டுவிட்டால் தப்பான இடத்தில் வைத்தியம் பார்ப்போம்.

விசிடி சிபிஆராக இருந்ததற்குக் காரணம் அது சிடி. ஆடியோ சிடி ஓடும் அதே ஒற்றை வேகத்தில் தரவு வந்துகொண்டே இருக்கும், கூட்டவும் முடியாது, குறைக்கவும் வழியில்லை. டிவிடி அப்படி இல்லை. முதலிலிருந்தே விபிஆருக்கென்று வடிவமைத்தது, பிளேயர் படித்ததை ஒரு பஃப்பரில் நிறைத்துக்கொள்ளும், டீகோடர் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும், பஃப்பர் நிறைந்துவிட்டால் பிளேயர் கொஞ்சம் காத்திருக்கும். கடையில் வாங்கும் சினிமா டிவிடிகள் அநேகமாக எல்லாமே விபிஆர்தான். அதை ஓட்டும் பிளேயர் உங்கள் விபிஆரையும் ஓட்டும்.

பிளேயரைத் திணறடிப்பது உச்ச வேகமும் படிப்பதில் வரும் பிழையும் சேரும்போதுதான். 8,000 சிபிஆர் என்றால் முழு நேரமும் உச்சத்திலேயே ஓடுகிறது, ஒரு கீறல் வந்தால் திரும்பப் படிக்க அவகாசமே குறைவு. ஆவரேஜ் 3,300, உச்சம் 8,000 என்ற விபிஆர் அந்த உச்சத்தை எப்போதாவதுதான் தொடும், மற்ற நேரமெல்லாம் பிளேயருக்கு மூச்சுவிட நேரம் இருக்கிறது. பயமாக இருந்தால் மேக்சிமத்தை 7,500 ஆக்குங்கள், அதற்காக விபிஆரையே தூக்கிப்போட வேண்டியதில்லை.

நின்றுபோகும் டிஸ்க்கில் முதலில் பார்க்க வேண்டியது வேறு. எங்கே நிற்கிறது? பெரும்பாலும் கடைசிப் பகுதியில். டிவிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது, முழுக்க நிரப்பினால் வீடியோவின் கடைசி நிமிடங்கள் வெளி விளிம்பில் போய் உட்காரும், பர்ன் செய்த டிஸ்க்கில் தரம் மோசமாவது அங்கேதான், விரல் படுவதும் அங்கேதான். இன்னொன்று, மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கும் பழக்கம். தயவுசெய்து ஒட்டாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டினாலும் டிஸ்க் சுற்றும்போது ஆடும், பசை காய்ந்தால் ஓரம் வளையும். நல்ல டிஸ்க்கை 8 எக்ஸ் வேகத்தில் எழுதி, எழுதியதும் வெரிஃபை செய்யுங்கள்.

சரி, இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உங்கள் மூலம் விஎச்எஸ். அதில் மணல் இறைத்தது போல நாய்ஸ் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், நம் கண் அதைக் கடந்து முகத்தைப் பார்க்கும், என்கோடரால் அப்படிப் பார்க்க முடியாது. அதற்கு ஒவ்வொரு மணலும் புதிதாக வந்த விவரம். மேலே மிக்சிங்டேபிள் 'கவர் கொடுக்கும் காட்சி எளிது' என்றாரே, சுத்தமான படத்தில்தான் அது எளிது. நாய்ஸ் நிறைந்த படத்தில் அசையாத ஜிகினாவும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறிக்கொண்டிருக்கும், அதுவும் 5,000 கேட்கும். எல்லாக் காட்சியும் கஷ்டம் என்றால் விபிஆர் எங்கிருந்து மிச்சம் பிடித்து எங்கே கொடுக்கும்? சுத்தம் செய்யாத விஎச்எஸ்ஸில் சிபிஆரும் விபிஆரும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரிவதற்கு இதுதான் காரணம், 'இரண்டும் ஒண்ணுதான் சார்' என்று சிலர் அடித்துச் சொல்வதும் இதனால்தான்.

அதனால் என்கோட் செய்வதற்கு முன்னால் மெல்லிய டெம்போரல் டீநாய்ஸ் ஒன்று போடுங்கள், அதாவது அடுத்தடுத்த ஃப்ரேம்களை ஒப்பிட்டு மணலை மட்டும் அடக்குவது. மெல்லியது என்றால் மெல்லியதுதான். அதிகமானால் முகம் மெழுகாகிவிடும், பட்டுப்புடவை ஜரிகையில் வேலைப்பாடு மறைந்து வெறும் மஞ்சள் பட்டையாகிவிடும். புடவைக் கரையைப் பார்த்துக்கொண்டே அளவை ஏற்றுங்கள், கரை கலங்கத் தொடங்கினால் ஒரு படி இறக்குங்கள். படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்து துடிக்கும், விசிஆர் தலை மாறும் இடம் அது. டிவியில் பெரும்பாலும் தெரியாது, ஆனால் அதற்கும் பிட் செலவாகிறது. அந்த வரிகளைக் கறுப்பால் மூடிவிடுங்கள், வெட்டி இழுக்காதீர்கள்.

அடுத்தது அளவு. பால் என்ற நம் நாட்டு டிவி முறையில் முழு டிவிடி அளவு 720க்கு 576. விஎச்எஸ்ஸின் கிடைமட்டத் தெளிவு ஏறக்குறைய 240 கோடுதான், பிக்சலில் சொன்னால் 320 பக்கம் வரும். 720 பிக்சலில் எழுதும்போது பாதிக்கு மேல் வெறும் மங்கலையும் மணலையும்தான் எழுதுகிறோம். டிவிடி விதியிலேயே 352க்கு 576 என்று ஓர் அளவு இருக்கிறது, ஹாஃப் டி1 என்பார்கள். அதே 3,300 இப்போது பாதிப் பிக்சலுக்குப் போகிறது, ஒரே டிஸ்க் என்றால் உங்களுக்கு இதுதான் சரி. 352க்கு 288-ஐ மட்டும் தொட்டுவிடாதீர்கள். உயரம் 576 இருந்தால்தான் இரண்டு ஃபீல்டும் உயிரோடு இருக்கும், நாதஸ்வரக்காரர் கன்னம் உப்புவதும் தவில்காரர் கை போவதும் வழுக்கிக்கொண்டு தெரியும்.

ஃபீல்டு என்றதும் நினைவுக்கு வந்தது. ஃபயர்வயரில் ஏற்றியதாகச் சொன்னீர்கள், அப்படி வரும் ஏவிஐயில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். என்கோடரில் மேல் ஃபீல்டு என்று இருந்தால் யாராவது நடந்தாலே உதறிக்கொண்டு போகும், எத்தனை பிட்ரேட் கொடுத்தாலும் சரியாகாது. டீஇன்டர்லேஸ், அதாவது இரண்டு ஃபீல்டையும் ஒன்றாக்குவது, வேண்டாம், ஃபீல்டு ஃபீல்டாக, இன்டர்லேஸாகவே என்கோட் செய்யுங்கள்.

---

கேசட்பெட்டி

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக வருமென்று நினைக்கவில்லை. முழுவதையும் ஓட்டாமல் மூன்று துண்டு மட்டும் வெட்டி எடுத்துச் சோதித்துப் பார்த்தேன்: தாலி கட்டும் இடம், மேடையில் கவர் கொடுக்கும் வரிசை, ராத்திரி மாப்பிள்ளை அழைப்பு. மூன்றையும் ஒன்றாக ஒட்டி ஒரே ஃபைலாக்கினேன், இல்லாவிட்டால் விபிஆருக்குப் பங்கு போட இடமிருக்காதே.

720-ல் சிபிஆர் 3,300: கெட்டிமேளம் தொடங்கும் வரை பரவாயில்லை. முதல் ஃப்ளாஷ் அடித்ததும் அம்மாவின் கூறைப்புடவைக் கரை கட்டங்களாகிவிட்டது, அப்பாவின் விரலுக்கும் மஞ்சள் கயிற்றுக்கும் நடுவில் கோடே தெரியவில்லை. அடுத்த ஃப்ளாஷ் வருவதற்குள் சேர்கிறது, மறுபடி உடைகிறது. சுத்தம் செய்யாமல் விபிஆர் போட்டேன், ரெண்டுபாஸ் சொன்னது போலவே கொஞ்சம்தான் தேறியது. பிறகு மெல்லிய டீநாய்ஸ், அடி வரிகளில் கறுப்பு, 352 அளவு, இரண்டு பாஸ் விபிஆர். இப்போது கயிறு தெரிகிறது, முடிச்சுப் போடும் அத்தையின் விரலும் தெரிகிறது, அட்சதை அரிசியாகவே விழுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க அதே சுத்தம் செய்த படத்தை 352-ல் சிபிஆரும் போட்டேன், முன்பைவிட நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் ஃப்ளாஷ் அடிக்கும்போது உடைவது முழுதாகப் போகவில்லை.

ஆனால் ஒன்று புரியவில்லை. மாப்பிள்ளை அழைப்பு ராத்திரி எடுத்தது, காருக்கு இரண்டு பக்கமும் ட்யூப்லைட் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள், மற்ற இடமெல்லாம் இருட்டு. இந்தத் துண்டு மட்டும் விபிஆரில் சிபிஆரைவிட மோசம். காருக்குப் பின்னால் வரும் கூட்டம் கறுப்புத் திட்டுத் திட்டாக இருக்கிறது. அதில் தாத்தா வருகிறார், முகம் தெரிந்தாக வேண்டும்.

இன்னொன்று, இரண்டு டிஸ்க்காகப் பிரிக்கலாம் என்று சர்வீஸ்கடை அண்ணன் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிரித்தால் எல்லாமே மாறுமா?

---

மிக்சிங்டேபிள்

சோதித்துப் பார்த்தது நல்லது. இருட்டுக் காட்சியில் நீங்கள் கண்டது விபிஆரின் நிஜமான பலவீனம், அதைப் பலர் பேசுவதே இல்லை. இருட்டில் பிக்சல்களுக்கு நடுவே வித்தியாசம் குறைவு, ஆகவே முதல் பாஸ் 'இங்கே விவரம் அதிகமில்லை' என்று குறித்து 1,200, 1,500 கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். நம் கண் அப்படி இல்லை, டிவியில் பிரைட்னஸ் ஏற்றிவைத்திருந்தால் அந்தத் திட்டுகள்தான் முதலில் தெரியும். இதற்கு மினிமம் பிட்ரேட் என்ற பெட்டி இருக்கிறது, அதில் 2,000 முதல் 2,500 வரை கொடுங்கள், எவ்வளவு எளிதென்று நினைத்தாலும் அதற்குக் கீழே இறங்காது. சில என்கோடர்களில் காட்சிவாரியாகக் கூடுதல் எடை கொடுக்க முடியும், இருந்தால் தாத்தா வரும் நிமிடங்களுக்கு ஏற்றிவிடுங்கள், அதற்காகத்தானே நாம் கையால் செய்கிறோம். டிசி பிரிசிஷன் (ஒவ்வொரு கட்டத்தின் சராசரி வெளிச்சத்தை எவ்வளவு நுணுக்கமாக எழுதுவது) என்பதை 8-லிருந்து 9 அல்லது 10 பிட் ஆக்கினால் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும் படிக்கட்டுக் கோடுகள் குறையும், பிட்ரேட் ஓரளவு தாராளமாக இருக்கும்போது 10 வைக்கலாம்.

இரண்டு டிஸ்க்காகப் பிரித்தால் ஆமாம், எல்லாமே மாறும், என் யோசனையும் அதுதான். சரிபாதியாக 85 நிமிடம் என்றால் 5,100 விநாடி, ஆடியோ போக 6,800 கிடைக்கும். அந்த அளவில் மேக்சிமம் 8,000 வைத்த விபிஆருக்கும் 6,800 சிபிஆருக்கும் நீங்கள் கூர்ந்து பார்த்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டீர்கள். அப்போது சர்வீஸ்கடையோடு எனக்குச் சண்டையே இல்லை, எது வேண்டுமானாலும் போடுங்கள், 720 அளவுக்கே திரும்பிவிடலாம்.

ஆனால் சரிபாதியில் வெட்டாதீர்கள், பந்தியில் பாயசம் வரும்போது டிஸ்க் மாற்றச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. மாப்பிள்ளை அழைப்பிலிருந்து பந்தி வரை முதல் டிஸ்க், ரிசப்ஷனும் மறுவீடும் இரண்டாவது. முதலாவது 100 நிமிடம் வருகிறதென்று வைத்துக்கொண்டால் வீடியோவுக்கு 5,800. இருட்டும் ஃப்ளாஷும் அட்சதையும் அதில்தான் இருக்கின்றன, அதற்கு இரண்டு பாஸ் விபிஆர், மினிமம் 2,500, மேக்சிமம் 8,000. இரண்டாவது 70 நிமிடம், கணக்குப்படி 8,300 வரை போகலாம், போக வேண்டாம். 7,000 சிபிஆர் போடுங்கள். விஎச்எஸ்ஸுக்கு அதுவே தாராளம், ஏறக்குறைய 3.8 ஜிபியில் முடிந்து வெளி விளிம்பு காலியாக நிற்கும், ரெண்டுபாஸ் சொன்ன விளிம்புத் தொல்லையும் வராது.

எண்களை உங்கள் நிஜ நிமிடங்களுக்கு மறுபடி வகுத்துக்கொள்ளுங்கள்.

---

சர்வீஸ்கடை

இரண்டு டிஸ்க் என்றதும் சந்தோஷம். முதல் டிஸ்க்கில் விபிஆர் போடுவதற்கும் சரி என்கிறேன், 8,000 வரம்பு இருக்கிறதே. கொடுப்பதற்கு முன்னால் ஒரு பிரதி மட்டும் எழுதி அப்பத்தா வீட்டுப் பிளேயரிலேயே, உங்கள் கம்ப்யூட்டரில் அல்ல, கடைசி அரை மணி நேரத்தை ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் மீதி வீடுகளுக்கு எழுதலாம். பெயர் எழுத டிஸ்க்குக்கென்று விற்கும் மார்க்கர் பேனா, நடு வளையத்தில்.

அப்புறம் தாலி கட்டும் இடத்தில் ஒரு சாப்டர் வைத்துவிடுங்கள், ரிமோட்டில் நெக்ஸ்ட் அமுக்கினால் நேராக அங்கே போய் நிற்க வேண்டும்.

---

ரெண்டுபாஸ்

சாப்டர் வைப்பதானால் என்கோட் செய்யும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். சாப்டர் ஐ-ஃப்ரேமில், அதாவது மற்ற ஃப்ரேம்களைச் சாராமல் முழுதாக எழுதப்பட்ட ஃப்ரேமில்தான் தொடங்க முடியும். பால் முறையில் ஐ-ஃப்ரேம் அதிகபட்சம் 15 ஃப்ரேமுக்கு ஒன்று வரும் என்பதால் நீங்கள் குறித்த இடத்திலிருந்து அரை விநாடி வரை தள்ளிப் போகலாம், முதல் கொட்டு விடுபட்டுவிடும். பல என்கோடர்களில் சாப்டர் புள்ளிகளின் ஃப்ரேம் எண்ணைக் கொடுக்க ஒரு பட்டியல் பெட்டி இருக்கும், கொடுத்தால் சரியாக அந்த ஃப்ரேமையே ஐ-ஃப்ரேம் ஆக்கும். அப்படி வசதி இல்லையென்றால் சாப்டரைக் கெட்டிமேளத்துக்கு இரண்டு விநாடி முன்னால் வையுங்கள்.

37 ஜிபி ஏவிஐயை டிஸ்க் எழுதியதும் அழித்துவிடாதீர்கள். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வைத்திருங்கள். டேப்பை இன்னொரு தடவை ஓட்ட விசிஆர் கிடைக்குமா என்பது சந்தேகம்.